பிடி மண் அரங்கம்

கட்டடம் கிடையாது. டிக்கெட் கிடையாது. நாற்காலியும் கிடையாது. ஆனாலும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் கோடை வந்துவிட்டால் ஊருக்கு ஊர் ஓர் அரங்கம் முளைக்கிறது. அங்கே அடுத்து என்ன ஆட்டம்?

பங்குனி வெயில் உறைக்கத் தொடங்கியதும் சித்தூர்ப் பக்கத்து ஊர்ச் சுவர்களில் ஒரு நோட்டீஸ் ஏறும். டீக்கடை, ரேஷன் கடை, பஸ் நிற்கிற புளியமரம் என்று ஆள் கூடும் இடமெல்லாம் அது கண்ணில் படும். மேலே திரௌபதி அம்மன் படம். கீழே நீளமாக ஒரு பட்டியல்: தேதி, கிழமை, பகலில் சொல்லப்படும் கதை, இரவில் ஆடப்படும் நாடகம், கடைசியில் அன்றைய செலவை ஏற்றுக்கொண்ட குடும்பத்தின் பெயர். எல்லையோரத்துச் சில ஊர்களில் தமிழில் அச்சாகியிருக்கும். சற்று உள்ளே போனால் தெலுங்கு. தமிழில் அதற்கு அக்னி வசந்த விழா என்று பெயர். தெலுங்கில் மகாபாரத மகோத்ஸவம். ஊர்க்காரர்கள் இரண்டையும் சொல்ல மாட்டார்கள். பாரதம் என்பார்கள், அவ்வளவுதான்.

இந்த நோட்டீஸை நிதானமாகப் படிக்க வேண்டும். அது நிகழ்ச்சி நிரல், ஊரின் வரவு செலவுக் கணக்கு, உறவு வரைபடம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த காகிதம். பகாசுர வதம் இன்னார் உபயம் என்றால், அந்த வீட்டில் அவர் தாத்தா காலத்திலிருந்தே பகாசுர வதம் உண்டு என்று பொருள். பிழைப்புக்குப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போன பேரன், லீவு கேட்கும்போது இந்தத் தேதியைச் சொல்லித்தான் கேட்பான். நகரத்து அரங்குகள் ‘விரைவில்’ என்று போடும் விளம்பரத்தில் பார்க்க வருகிறவருக்கு ஒரு வேலையும் இல்லை, வந்து உட்கார்ந்தால் போதும். இந்த நோட்டீஸோ ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுத்தான் நாளைச் சொல்கிறது.

பாரதம் நடக்கும் இரவுகள்

கொடி ஏறி, காப்புக் கட்டியானதும் பாரதம் தொடங்கிவிடும். பிற்பகலில் கோயில் முன்னே பந்தலில் கதை. தமிழ் கேட்கும் ஊரென்றால் வில்லிபுத்தூரார் பாரதத்தை வைத்துப் பிரசங்கம். தெலுங்கு ஊரென்றால் ஹரிகதை. அங்கே நன்னய்யா, திக்கனா, எர்ரனா மூவரும் தந்த பாரதம் பின்னால் நிற்கும். பகலில் காதால் கேட்டதை இரவில் கண்ணால் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் மிருதங்கமும் தாளமும் ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்து ஒலித்தால் கூத்து ஆரம்பம். தமிழில் தெருக்கூத்து, தெலுங்கில் வீதி நாடகம். ஊரின் வசதிக்கேற்ப எட்டு இரவு, பத்து இரவு, முடிந்த ஊரில் பதினெட்டு இரவு.

களரி என்பது ஊர் நடுவே கூட்டிப் பெருக்கிய வெற்றுத்தரை. ஒரு பக்கம் பெஞ்சு போட்டு வாத்தியக்காரரும் பின்பாட்டுக்காரரும் அமர்வார்கள். மற்ற பக்கங்களில் பாயும் கோணியும் விரித்து ஊர் உட்கார்ந்திருக்கும். வேஷக்காரர்கள் சாயங்காலமே ஒப்பனைக்கு உட்கார்ந்துவிடுவார்கள். அரிதாரம் பூசிக் கோடு இழுத்து, கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி முடிக்க இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் நின்று விருத்தம் பாடுவார் துரியோதனன். திரைக்கு மேலே கிரீடத்தின் முனை மட்டும் தெரியும். திரை விலகுவதற்குள் முன்வரிசைக் குழந்தைகள் பாதிப் பேர் அம்மா மடிக்கு ஓடியிருப்பார்கள்.

கட்டியங்காரன் இல்லாமல் கூத்து இல்லை. அஸ்தினாபுரத்துக்கும் அந்த ஊருக்கும் நடுவே போய்வருகிறவன் அவன். துரியோதனன் சபையில் நின்றுகொண்டே அந்த ஊர் ஏரி தூர்வாராமல் கிடப்பதைச் சொல்லுவான். எல்லையோரத்து ஊரில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பான். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

இங்கே பார்வையாளர் யாரும் வெறும் பார்வையாளராக இருக்க முடியாது. பகாசுர வதத்தன்று வண்டி நிறையச் சோறு ஏற்றி, அதன்மேல் பீமனை உட்காரவைத்துத் தெருத்தெருவாக இழுத்து வருவார்கள். வண்டியில் குவிந்திருப்பது ஊரார் வீட்டுச் சோறு. திரௌபதி கல்யாணத்தன்று சீர்வரிசைத் தட்டு வரும். மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் ஆள் பிரித்துக்கொள்வார்கள்.

துகிலுரிதல் நடக்கும் இரவு வேறு மாதிரி. துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன் அம்மனை நினைத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். கற்பூரம் எரியும். அவருக்கோ திரௌபதி வேஷக்காரருக்கோ ஆவேசம் வந்துவிடுவதும் உண்டு. அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பாட்டிகள் இந்த இடத்துக்குச் சரியாக எழுந்துவிடுவார்கள். ஒரு மன்றத்தில் பெண்ணொருத்தி கேட்ட கேள்விக்குப் பெரியவர்கள் பதில் சொல்லாமல் இருந்ததை வருஷாவருஷம் நேரில் இருந்து பார்த்துக் கண்ணீர் விடும் சாட்சிகள் அவர்கள்.

அர்ச்சுனன் தபசு வெட்டவெளியில், வானுயர நட்ட தபசு மரத்தில். அர்ச்சுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரச்சேலையோடு மரத்தைச் சுற்றிக் கிடப்பார்கள். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சையும் பழமும் பூவும் மடியில் விழுந்தால் வரம் கிடைத்ததாக நம்பிக்கை. ஓர் ஆள் ஒரு மரத்தின் மேல், ஓர் ஊர் முழுக்க அண்ணாந்து கீழே. இதைவிடப் பெரிய மேடையை நான் பார்த்ததில்லை.

விராட பருவத்துக்கு மழை வரும் என்பது தமிழர், தெலுங்கர் இருவருக்கும் பொதுவான நம்பிக்கை. ஏரிப் பாசனத்தையும் மானாவாரியையும் நம்பிய இந்த வறண்ட பூமியில் அதற்கு வேறு அர்த்தம். கீசக வதமும் மாடுபிடிச் சண்டையும் பட்டியலில் இருந்தால் அது வானத்துக்கு எழுதிய விண்ணப்பம். அடுத்து கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ணன் என்று போர் நெருங்க நெருங்க, பாய்களுக்கு இடையே நடக்க வழியிருக்காது.

கடைசி நாள் படுகளம். களிமண்ணில் துரியோதனனைப் பிரமாண்டமாக மல்லாக்கக் கிடத்தி, கண்ணும் மீசையும் வைத்து, வண்ணம் தீட்டியிருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் துரத்திக்கொள்வார்கள். தொடையில் கதாயுதம் இறங்கும். சிவப்பு நீர் பொங்கும். அன்று திரௌபதி கூந்தலை முடிப்பாள். சாயங்காலம் தீமிதி.

எல்லை பிரித்த பிறகும்

இந்த வட்டாரத்தின் இரட்டை நாக்குக்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துச் சேர்த்து 1911இல் உருவாக்கப்பட்டது சித்தூர் மாவட்டம். 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அங்கே போயிற்று. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் முடிவில் திருத்தணி 1960இல் தமிழகத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் அந்தப் பக்கமே நின்றன. 2022இல் சித்தூர் மறுபடி பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது.

இத்தனை கோடுகளும் காகிதத்தில் விழுந்தவை. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கம் வீட்டுக்குள் ஒரு மொழியும் பள்ளிக்கூடத்தில் ஒரு மொழியும் பேசி வளர்ந்தவர்கள் இன்றும் ஏராளம். தமிழர் திரௌபதி அம்மன் கோயில் என்பதைத் தெலுங்கர் தர்மராஜு கோயில் என்கிறார்கள். மனைவி பெயரால் ஒருவர், கணவர் பெயரால் ஒருவர். குடும்பம் ஒன்றுதான். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபீட்டல் செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்துத் திரௌபதி வழிபாட்டைப் பற்றிப் பெரிய ஆய்வு நூல்களே எழுதினார். அந்த வழிபாட்டின் வடக்கு ஓரம் இங்கே தெலுங்குக்குள் கரைகிறது. கரையும் இடத்தில்தான் கூத்துக்கு இரண்டு பெயர்.

ஊரே வேஷம் கட்டும் திருப்பதி

திருப்பதி என்றால் மலைக்குத்தான் நம் கண் போகும். அடிவாரத்தில் வைகாசியை ஒட்டி மே மாதம் ஒரு வாரம் நடக்கும் தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையைப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. கங்கம்மா ஏழுமலையானின் தங்கை என்பது ஊர் வழக்கு. அண்ணன் வீட்டுச் சீராகத் தேவஸ்தானத்திலிருந்து சேலை வரும்.

இங்கே நோட்டீஸ் காகிதத்தில் இல்லை, பறையில். செவ்வாய்க்கிழமை இரவு ‘சாட்டிம்பு’ அறிவிப்பார்கள். அது முழங்கிய பிறகு ஜாத்திரை முடியும்வரை ஊர்க்காரர் யாரும் இரவு வெளியூரில் தங்கக் கூடாது என்பது மரபு. ‘நாளை முதல் ஆட்டம், பார்க்கிறவர் யாரும் ஊரை விட்டுப் போகாதீர்கள்’ என்று கட்டளையிடும் அறிவிப்பு உலகில் வேறெங்கே உண்டு?

கதை இது: பெண்களைச் சீரழித்த ஒரு பாளையக்காரன். அவனை அழிக்க அவிலாலா என்ற ஊரில் பிறந்து, கைகால குடும்பத்தில் வளர்ந்தவள் கங்கம்மா. அவளுடைய உக்கிர ரூபத்தைக் கண்டு அவன் ஒளிந்துகொள்ள, அவள் நாளுக்கொரு வேஷத்தில் தேடுகிறாள். அதனால் ஜாத்திரையிலும் நாளுக்கொரு வேஷம். பைராகி, பண்டா, தோட்டி, பிறகு துரை. துரை வந்திருக்கிறார் என்று நம்பி வெளியே வந்த பாளையக்காரனின் தலை அன்று விழுகிறது. அடுத்த நாள் அவள் மாதங்கியாக அவன் மனைவியிடம் போய் ஆறுதல் சொல்கிறாள். கொன்றவளே போய்க் கண்ணீரைத் துடைக்கும் அந்தக் காட்சி உலகத்தின் எந்த நாடகத்துக்கும் பெருமை சேர்க்கும்.

கைகால குடும்பத்து ஆண்கள் அம்மன் வேஷங்களைக் கட்டி வீதிவீதியாக வருவார்கள். அவர்களோடு ஊரும் சேர்ந்துகொள்ளும். நாமக்கட்டி பூசிய சிறுவர்கள், கரி பூசிய இளைஞர்கள், நேர்த்திக்கடனுக்காகச் சேலை கட்டிப் பூ முடித்து, தாயோ மனைவியோ நெற்றிப்பொட்டைச் சரிசெய்ய நடந்து போகும் ஆண்கள். மீசைக்காரன் ஒருவன் ஒரு பகல் முழுக்கப் பெண்ணாக நடந்து பார்க்க வேண்டும் என்று ஓர் ஊரே விதி வைத்திருக்கிறது. பெண்களைத் துன்புறுத்தியவனின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான நடிப்புப் பயிற்சி இருக்க முடியாது.

களரியிலிருந்து வெள்ளித்திரைக்கு

கீசக வதத்தை எடுத்துக்கொள்வோம். திரௌபதியிடம் கைவைக்க வந்தவன் பீமன் கையில் சாகும் இந்தக் கதை, களரியில் தலைமுறை தலைமுறையாக ஆடப்படுவது. பக்கத்துக் கடப்பை மாவட்டத்துச் சுரபி என்ற ஊரில் 1885இல் வனாரச கோவிந்தராவ் தொடங்கிய குடும்ப நாடகக் குழு முதலில் போட்டதும் கீசக வதம்தான். அந்தச் சுரபி நாடகம் இன்றும் உயிரோடிருக்கிறது. 1917-18 வாக்கில் வேலூரைச் சேர்ந்த ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமும் ‘கீசக வதம்’. அடுத்து அவர் எடுத்தது திரௌபதியின் கதை. திரைக்கு எதை எடுப்பது என்ற கேள்விக்குக் களரி ஏற்கெனவே விடை தயாராக வைத்திருந்தது.

அந்த முதல் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. சுருள் அழிந்தது. களரியிலோ கீசகன் கோடைதோறும் எழுந்து வந்து அடிவாங்கிக்கொண்டிருக்கிறான்.

சித்தூர் என்ற ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட நாகையாவையும் இங்கே நினைக்க வேண்டும். 1904இல் குண்டூர்ப் பக்கம் பிறந்து, சித்தூரில் வளர்ந்து, அவ்வூர் ராம விலாச சபையின் மேடையில் தேறியவர். 1938இல் ‘கிருகலட்சுமி’ படத்தில் திரைக்கு வந்தார். ‘பக்த போதனா’, ‘யோகி வேமனா’ என்று தெலுங்கர் நெஞ்சில் குடியேறினார். 1946இல் ‘தியாகய்யா’வைத் தானே இயக்கி நடித்தார். தமிழர்களுக்கோ அவர் 1945இல் வந்த ‘மீரா’வில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு எதிரே நின்ற ராணா. ‘அசோக்குமார்’, ‘சக்ரதாரி’, ‘என் வீடு’ என்று தமிழிலும் தொடர்ந்தார். 1965இல் பத்மஸ்ரீ. 1973இல் மறைந்தார். ஒரு சிற்றூர் சபை மேடை இரண்டு மொழித் திரையுலகுக்கும் ஒரே ஆளைக் கொடுத்தது. சித்தூரின் நாகையா கலாக்ஷேத்திரம் இன்று அவர் பெயரைச் சொல்கிறது.

திரை வாங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. 2024 டிசம்பரில் வந்த ‘புஷ்பா 2’ சித்தூர்ச் சீமையின் கதை. அதில் அல்லு அர்ஜுன் சேலை கட்டி, வளையல் பூட்டி, நீலம் பூசி ஜாத்திரையில் ஆடும் காட்சியைத் தமிழகத் தியேட்டர்களிலும் ஆரவாரத்தோடு பார்த்தார்கள். அந்தச் சேலைக்குப் பின்னால் திருப்பதித் தெருவில் பெயர் தெரியாத ஆயிரம் ஆண்கள் ஆண்டுதோறும் கட்டும் சேலை இருக்கிறது என்பதை அந்தப் படம் பார்த்தவர்கள் ஒரு மே மாதம் நேரில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்து மணிக்குப் பிறகு

பாரதத்தின் பெருமையைப் பேசிவிட்டு அதன் கஷ்டத்தைப் பேசாமல் விட்டால் அது நேர்மையாகாது. பங்குனியிலிருந்து ஆடிவரை ஓடும் இந்தச் சில மாத வருமானத்தில்தான் கூத்துக்காரர் குடும்பம் வருஷத்தைத் தள்ள வேண்டும். மீதி மாதங்களில் விவசாயக் கூலி, கட்டட வேலை, நகரி, புத்தூர்ப் பக்கம் விசைத்தறி. 2020 மார்ச் 25இல் கொரோனாவால் நாடு முடங்கியபோது அது சீசன் கண் திறக்கும் நேரம். வெற்றிலை பாக்கு வைத்துப் பேசி முடித்த ஆட்டங்கள் அப்படியே நின்றன. கிரீடங்கள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு, இரவுகளைக் குறைத்துக்கொண்ட ஊர்கள் மறுபடி கூட்டத் தயங்குகின்றன. விடிய விடிய என்பது நள்ளிரவோடு நிற்கிறது. அந்த இடத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா வருகிறது.

சட்டத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியோ வாத்தியமோ கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மேல் போகாமல். பாரதத்துக்கோ பதினெட்டு இரவு, ஒவ்வொன்றும் விடியும்வரை. நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் உள்ள தெருவில் விதி அவசியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். கூத்தின் உச்சஸ்தாயிக் குரலும் காதைத் துளைக்கும் முகவீணையும் மைக் என்ற பொருளே இல்லாத காலத்தில் உருவானவை.  அனுமதி கிடைத்த இரவுகளிலாவது மைக்கை அணைத்துவிட்டு, மக்கள் நெருங்கி உட்கார்ந்தால் கூத்து தன் பழைய குரலைத் திரும்பப் பெறும். சில கமிட்டிகளாவது துணிந்து செய்து பார்க்கலாம்.

வழிகாட்ட முன்னோடிகள் இருக்கிறார்கள். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்த நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புரூயினும் 1990இல் கலைஞர்களைத் திரட்டிக் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். 2002 முதல் 2020 வரை அவர்கள் நடத்திய குருகுலத்தில் பையன்களோடு பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடக் கற்றார்கள். ஆண்களே திரௌபதியாக நின்ற களரியில் ஒரு பெண் வந்து நின்று அந்தச் சபையைக் கேள்வி கேட்டாள். இவையெல்லாம் சித்தூரிலிருந்து சில மணி நேரத் தொலைவில் நடந்தவை. திருப்பதி மஹதி அரங்கிலும் சித்தூர் கலாக்ஷேத்திரத்திலும் சீசன் இல்லாத மாதங்களில் இந்த வட்டாரக் கூத்துக் குழுக்களுக்கு ஒரு முழு இரவு கொடுத்தால் அவர்களுக்கு அது பெரிய உதவி.

அதைவிட எளிய வழி நோட்டீஸிலேயே இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் உபயதாரர் பெயருக்கான இடம். சித்தூர்ச் சீமையில் வேர் வைத்து வேறெங்கோ வாழ்கிறவர்கள், அடுத்த பங்குனியில் ஊர்க் கமிட்டிக்கு ஒரு போன் போட்டு, காலியாக இருக்கும் ஓர் இரவை எடுத்துக்கொள்ளலாம். அந்த இரவுக்குப் பிள்ளைகளோடு வந்து பாயில் உட்காரலாம். ஊர் இல்லாதவர்கள் வெறுமனே வந்து பார்க்கலாம். கூத்து யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

பிடி மண்

படுகளம் முடிந்த கையோடு நடப்பதைப் பார்க்காமல் யாரும் கிளம்பிவிடக் கூடாது. துரியோதனன் செத்த நொடியில் கூட்டம் அவன்மேல் பாய்கிறது. பெண்கள் அந்த மண்ணுடம்பைப் பிட்டுப் பிட்டு முந்தானையில் முடிந்துகொள்கிறார்கள். நெல் குதிரில் போட, நிலத்தில் தூவ, வீட்டு மூலையில் வைக்க. சற்று நேரத்தில் அங்கே துரியோதனனும் இல்லை, மேடையும் இல்லை.

திருப்பதியிலும் முடிவு இதேதான். ஜாத்திரையின் கடைசி இரவில் கோயில் முன்னே கங்கம்மாவின் விசுவரூப முகத்தைக் களிமண்ணில் எழுப்புவார்கள். விடியலில் அதைக் கலைத்துவிடுவார்கள். ஒரு துண்டு மண்ணுக்காகப் பல்லாயிரம் கைகள் நீளும். வில்லன் என்றாலும் தெய்வம் என்றாலும் கடைசியில் பிடி மண்ணாகி வீட்டுக்குப் போக வேண்டும்.

மற்ற அரங்குகள் ஆட்டம் முடிந்ததும் பூட்டிவைக்கப்படும். இந்த அரங்கத்தைப் பூட்ட முடியாது, ஏனென்றால் பார்த்தவர்கள் அதைப் பங்கு போட்டு எடுத்துப் போய்விடுகிறார்கள். மிச்சம் எதுவும் வைக்காததால் அடுத்த ஆண்டு ஏரியிலிருந்து மறுபடி மண் வெட்ட வேண்டும், மறுபடி எல்லாரும் கூட வேண்டும், மறுபடி ஒவ்வொரு வீடும் ஓர் இரவை ஏற்க வேண்டும். அந்தக் கட்டாயம்தான் இத்தனை காலம் இதைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

அடுத்த பங்குனியில் அந்தச் சுவரில் நோட்டீஸ் ஏறும். உபயதாரர் கட்டத்தில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.